"21 நாளில் குடியை நிறுத்தித் தருகிறோம்": பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு குடும்பம் ஆன்லைன் கவுன்சலிங்கில் 14,500 ரூபாயை இழந்தது. ஆளையே இழந்திருக்கும், மயிரிழையில் தப்பியது. தொகையை மாற்றிப் போட்டால் பல வீடுகளில் நடப்பதும் இதுதான் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

வீட்டுக்காரருக்கு தினமும் 90 மில்லி விஸ்கி டெட்ரா பாக்கெட் ஐந்து வேண்டும். அதில் ஒன்று காலையில் பல் துலக்கியதுமே. குடியை நிறுத்தித் தருவதாக ஃபேஸ்புக்கில் வந்த தமிழ் விளம்பரத்தை மனைவி தொட்டார். இரண்டே நிமிடத்தில் வாட்ஸ்அப் அழைப்பு. "சிஸ்டர், அவருக்குத் தெரியவே வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்." பன்னிரண்டு செஷன், ஒவ்வொன்றும் 50 நிமிடம், இந்த விலை இன்று ராத்திரி 8 மணி வரைக்கும்தான் என்று ஆடித் தள்ளுபடி மாதிரி ஒரு அவசரம். பணம் போனது ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்கு. ரசீது கேட்டதற்கு ஒரு கைகூப்பும் எமோஜி வந்தது.

முதல் செஷன் இருபது நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதில் வேறொருவர் வந்தார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவதில் வந்த உத்தரவுதான் விபரீதம்: "இன்னைக்கு ராத்திரியோட நிறுத்தச் சொல்லுங்க. வீட்டுல ஒரு சொட்டு இருக்கக் கூடாது." அது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலையில் அவரால் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, பாதி டீ லுங்கியில் கொட்டியது. மனைவி அதை வீடியோ எடுத்து அனுப்பினார். "நல்ல அறிகுறி சிஸ்டர், விஷம் வெளியேறுது, எலுமிச்சை ஜூஸ் கொடுங்க" என்று பதில். அன்று நள்ளிரவில் வலிப்பு வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது குடித்தார்?" மூன்று செஷனில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

குடிநோய் பற்றி அடிப்படை தெரிந்த எவரும் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். ஐந்து பாக்கெட் என்பது 450 மில்லி. 30 மில்லி விஸ்கியில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கும், அதாவது நாளுக்கு 150 கிராம். வருடக்கணக்கில் அவ்வளவு இறங்கும்போது மூளை அந்த மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகிறது. குடியை ஒரேயடியாக நிறுத்தினால் பிரேக் மட்டும் போய்விடும், முறுக்கு அப்படியே நிற்கும். ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை ஆளுக்கு இடம், நேரம் புரியாமல் போகலாம், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லலாம், காய்ச்சல் அடிக்கலாம். இந்தக் குழப்ப நிலை உயிருக்கே ஆபத்தானது. டாக்டர் மேற்பார்வையில் நரம்பை அடக்கும் மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்து வருவார்கள், கூடவே பி1 வைட்டமின். எலுமிச்சை ஜூஸுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

ஆகவே ஆன்லைனில் பேசுபவர் சரியான ஆளா என்பது முதல் பத்து நிமிடக் கேள்விகளிலேயே தெரிந்துவிடும். எவ்வளவு, எத்தனை வருடமாக, காலையிலும் குடிக்கிறாரா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை இருந்ததா, தூக்க மாத்திரை எடுக்கிறாரா, வீட்டில் அடி உதை உண்டா, சாகப் போகிறேன் என்று சொன்னதுண்டா. இவற்றைக் கேட்காமல் பேக்கேஜ் விலைக்குத் தாவுகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகுதி. கவுன்சலர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், வார இறுதிப் பயிற்சியில் வாங்கிய 'கோச்' சான்றிதழை ஃபிரேம் போட்டுப் பின்னால் மாட்டியிருப்பவர்கள் உட்பட. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின், பதிவு எண் இருக்க வேண்டும். மனநல டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகளின்படி, ஆன்லைனில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் தன் பதிவு எண்ணைக் காட்டியே ஆக வேண்டும். எண்ணைக் கேட்டதும் "எங்க மேல நம்பிக்கை இல்லையா சிஸ்டர்?" என்று வருத்தப்படுகிறவரிடம் எண் இருக்காது.

இந்தக் குடும்பம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பணம் வரவில்லை. சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு பொடி, 3,500 ரூபாய் என்று இன்னொரு விலைதான் வந்தது. நல்லவேளை, வாங்கவில்லை. இந்த மாதிரிப் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்துவிட்டால், விஷயம் தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சு படபடத்துச் சாய்ந்துவிடலாம். அதே மருந்தை டாக்டர் கொடுக்கும்போது, குடிப்பவரின் சம்மதத்தோடு, ஈரல் பரிசோதனை பார்த்து, கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்குவார். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும்.

இன்னொரு வலை, "வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம், 90 நாள் உள்ளே வைத்துக்கொள்வோம்" என்பது. குடி, போதையால் வரும் மனநோயும் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சிகிச்சை தரும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒருவரை அவர் சம்மதமில்லாமல் சேர்ப்பதற்கு மனநல டாக்டர் ஒருவரும் இன்னொரு மனநல வல்லுநரோ டாக்டரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் முதல் தடவை 30 நாள் வரைக்கும்தான். வேன் டிரைவர் முடிவு செய்கிற விஷயமில்லை இது.

பிள்ளையின் மொபைல் பழக்கத்தை மாற்றுகிறோம் என்று வருபவர்கள் போனை உளவு பார்க்க ஒரு ஆப் போடச் சொல்வார்கள். பெற்றோர் போனிலும் அதே ஆப், அங்கே வங்கிக் கணக்கும் இருக்கும். போடாதீர்கள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட்' என்ற கிளினிக் 2014 முதல் இருக்கிறது.

ஏமாந்துவிட்டால், முதலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி அவர்கள் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தக் குடும்பத்தின் உரையாடலில் பாதி அப்படித்தான் போனது. மிச்சத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் போன் எண்ணும் தெரிகிற மாதிரி. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. ஆள் உண்மையானவர், சேவைதான் மோசம் என்றால் 1915, அதாவது நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. "பேசியதை ரெக்கார்டு செய்திருக்கிறோம், ஆபீஸுக்கு அனுப்புவோம்" என்று மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் அந்த மிரட்டலையும் சேர்த்துப் புகார் கொடுங்கள்.

காசில்லாமல் பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். போதைக்கென்று தனியாக 14446. நிம்ஹான்ஸின் போதை சிகிச்சை மையம் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் கட்டணமில்லை. நடுக்கம் தொடங்கிவிட்டது என்றால் மட்டும் எந்த எண்ணிலும் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடியுங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் காலிப் பாக்கெட் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.