பொலன்னறுவை கல்விச் சுற்றுலா: பஸ் நல்லது, திட்டம்தான் சரியில்லை

ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளை வரலாற்றுச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகிற ஒரு சேவை எப்படி என்று இரண்டு மூன்று டீச்சர்மார் கேட்டிருந்தார்கள். பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. கினிகத்தேனை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்க எடுக்க டிரைவர் அண்ணன் முகம் சுளிக்காமல் ஓரம் கட்டினார். சோத்துப் பார்சலும் பரவாயில்லை.

கோளாறு எல்லாம் திட்டத்தில். தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை மூன்றையும் ஒரே நாளில் திணித்திருக்கிறார்கள். சிகிரியா ஏறி இறங்கவே பிள்ளைகளுக்குக் கால் செத்துவிடும், அப்புறம் பொலன்னறுவைக்குப் போனால் யாருக்குக் கண் திறக்கும்? ஸ்வெட்டரோடு புறப்பட்டதுகள் உச்சி வெயிலில் வட்டதாகே என்ற வட்டமான புத்த கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகல்லில் குதித்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வழிகாட்டிக்கு விஷயம் தெரியும், ஆனால் தமிழ் தெரியாது. நம்ம சேர் பக்கத்தில் நின்று துண்டு துண்டாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் பராக்கிரமபாகுவின் அரண்மனையை நன்றாகக் காட்டினார்: ஏழு மாடி இருந்ததாகச் சொல்வார்கள், இன்று மிஞ்சிய தடித்த செங்கல் சுவரில் மேல்மாடி உத்திரங்கள் செருகிய ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. கல்பொத்த என்ற பெரிய கல்வெட்டுப் பாறைக்கு முன்னால் பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். ஏறக்குறைய 25 தொன் கல், மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாக அதிலேயே மன்னன் நிசங்கமல்லன் வெட்டி வைத்திருக்கிறான்.

ஆனால் அதே வளாகத்தில் இருக்கிற வேளைக்காரர் கல்வெட்டைக் கடந்து நடந்துபோனார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. புத்தரின் புனித தந்தம் இருந்த கோயிலைக் காப்போம் என்று, மன்னரிடம் வேலைசெய்த தென்னிந்தியப் படையினரான வேளைக்காரர் உறுதி கொடுத்த கல்வெட்டு, அதுவும் தமிழில்! இரண்டாம் சிவாலயத்துக்கும் "நேரமில்லை" என்றார்கள். சேர் பிடிவாதமாக நின்ற பிறகுதான் பஸ் நின்றது. 1070இல் மன்னன் விஜயபாகு விரட்டுமுன் சோழர் கட்டிய கோயில், வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று பெயர், முழுக்கக் கல், கூரையோடு இன்னும் நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. ஒரு பிள்ளை அதில் 'ட'வையும் 'ப'வையும் கண்டுபிடித்துக் கத்தியதும் மற்றதுகள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டன, கிளப்ப முடியவில்லை. அன்றைக்கு உருப்படியாக நடந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

இந்த ஆட்களைப் பிடிப்பதென்றால் பஸ்ஸை மட்டும் பேசுங்கள். சிகிரியாவை இன்னொரு வருஷத்துக்கு விட்டுவிட்டு, பொலன்னறுவையில் முதலில் நூதனசாலை, பிறகு வெயில் ஏறுமுன் வட்டதாகே, சிவாலயம், பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல்விகாரை என்று போகலாம். தமிழ் பேசுகிற வழிகாட்டி வேண்டுமென்று முன்பணம் கொடுக்குமுன்னே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தடித்த காலுறையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.