ஊர்க்கடையில் மூன்று கிழமை

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கென்று 2025 வைகாசியில் இலங்கையில் முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். சின்னம்மா வீடு முத்தையன்கட்டுப் பக்கம், வாய்க்கால் கரையோடு போகும் ஒழுங்கையில் இருக்கிறது. கனடாவில் இருந்து கொண்டுபோன இரண்டு சூட்கேசில் ஒன்று முழுக்கச் சாமான். பால்மா, சவர்க்காரம், சம்போ, தேயிலை கூட. திறந்து காட்டினதும் சின்னம்மா கேட்டா, "ஏன் தம்பி இவ்வளவையும் சுமந்து கொண்டு வந்தனி? எல்லாம் சந்திக் கடையில இருக்குத்தானே." என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறா என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் விடிய தேங்காய் வாங்கப் போனபோது பார்த்தால், உண்மையாகவே எல்லாம் இருந்தது.

ஊருக்குப் போக இருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்று அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

தகரக் கூரை. முன்னால் ஒரு வாங்கு. கயிற்றில் வாழைக்குலை தொங்கும். கடையை நடத்துகிறவ ஒரு அக்கா. 2009இல் போர் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து மீள்குடியேற வந்த புதிதில், தறப்பாளுக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டு வெற்றிலை, பிஸ்கற், தீப்பெட்டி என்று தொடங்கினாவாம். இப்போது அரிசி மூட்டையில் இருந்து மண்வெட்டிப் பிடி வரைக்கும் வைத்திருக்கிறா. போனுக்கு ரீலோட் போடவும் அங்கேதான் போக வேண்டும். காலை ஆறு மணிக்கே திறந்துவிடும்.

நான் போன நேரம் தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்குக் கிட்ட நின்றது. எனக்கு முன்னால் வந்த ஒரு பிள்ளை "அரைத் தேங்காய்" என்று கேட்டது. அக்கா ஒரு தேங்காயை எடுத்துக் காதடியில் குலுக்கிப் பார்த்தா. கத்தியின் பின்புறத்தால் சுற்றிவர மூன்று தட்டு. தண்ணீரைக் கோப்பையில் பிடித்துப் பிள்ளையிடம் குடிக்கக் கொடுத்தா. இரண்டு பாதியையும் கையில் வைத்துப் பார்த்து, பெரியதைப் பிள்ளையின் பைக்குள் போட்டா. சின்னதை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்தா. பிறகு 100 கிராம் பருப்பு, ஒரு சின்னப் பைக்கற் பால்மா, 50 கிராம் மல்லி. மல்லியைப் பழைய கொப்பித் தாளில் சரை சுற்றிக் கொடுத்தா. பட்டணத்துச் சுப்பர்மார்க்கெற்றில் இப்படிச் சின்னச் சின்ன அளவில் எல்லாம் வாங்குவது கஷ்டம். அன்றாடம் கூலிக்குப் போகிற வீட்டுக்கு அன்றைக்குத் தேவையான அளவு கிடைக்கிறதே, அதுதான் பெரிய விசயம்.

இதைப் பார்த்தபோது எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. 1990களில் எங்கள் வன்னிப் பகுதிக்குப் போர்க்காலப் பொருளாதாரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாம் வைத்தியசாலை மருந்து மாதிரி அருமை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2002இல் வன்னிக்கு வரும் ஏ9 பெரும்பாதை திறந்து கடைகளில் சாமான் நிறைந்ததும், 2006இல் திரும்பவும் பாதை பூட்டி வெறுமையானதும் இந்தக் கண்ணாலேயே பார்த்தவை. அதனாலோ என்னவோ, இங்கே ஒரு ராக்கை நிறைந்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

மனதுக்கு ஒவ்வாத ஒன்று அரிசி. சுற்றிவர வயல். ஆனால் கடையில் இருக்கிற மூட்டையில் பொலன்னறுவை ஆலையின் முத்திரை. அரிவி வெட்டின கையோடு ஈர நெல்லைக் களத்திலேயே விற்கிறார்கள், காயவிட்டுக் களஞ்சியப்படுத்த வசதியில்லை. 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு கிலோ 230 ரூபாய் என்று அரசு உச்ச விலை வைத்தது. விதைத்தவனும் அந்த விலைக்குத்தான் கடையில் திரும்ப வாங்குகிறான். இதில் அக்காவைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல ஒன்று இருந்தது, அதையும் சொல்கிறேன். வாங்கின பிஸ்கற் பைக்கற் திகதி முடிந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா ஒன்றும் பேசாமல் மாற்றித் தந்தா, தட்டில் இருந்த மற்றப் பைக்கற்றுகளையும் எடுத்துத் திகதி பார்த்து நாலைந்தைக் கீழே போட்டா. ஆகவே திகதியை நீங்களே பார்த்து வாங்குங்கள். பைக்கற்றில் அடித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்கக்கூடாது, விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். இந்தக் கடையில் எனக்கு அப்படி ஒருநாளும் நடக்கவில்லை. அப்புறம், கார்ட் வேலை செய்யாது. விடியக் காலையில் 5000 ரூபாய்த் தாளை நீட்டி அவவை மாற்றுக்கு அலைய விடாதீர்கள். நான் முதல் நாள் அதைச் செய்துவிட்டேன்.

இனிக் கொப்பி. மேசை இழுப்பறைக்குள் ஒரு நீளக் கடன் கொப்பி இருக்கிறது, வீட்டுக்கு ஒரு பக்கம். சின்னம்மாவின் பக்கத்தில் 8,640 ரூபாய் நின்றது. கனடாக் கணக்கில் 40 டொலர் அளவுதான் வரும். இரண்டு 5000 ரூபாய்த் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா தொடவில்லை.

"தம்பி, உங்கட சாமானுக்குக் காசு தாங்கோ, வாங்குறன். இது அவவின்ர கணக்கு. பால் காசு வந்ததும் கொண்டுவந்து கட்டுவா. ஒருக்காலும் பிந்தினதில்லை. நீங்கள் கட்டிப்போட்டுப் போனா, பிறகு அவ இஞ்ச வந்து ஒண்டு கேக்கக் கூச்சப்படுவா."

எனக்கு முகம் சுருங்கிப் போனது. காசைத் திருப்பிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்து வந்தேன். 13 வருடமாக மாதாமாதம் காசு அனுப்புகிறேன். சின்னம்மா இரண்டு பசுவை வைத்து, விடிய எழும்பிப் பால் கறந்து, சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் ஊற்றி, தன் பெயரில் ஒரு கணக்கு நடத்துகிறா என்பதை நான் ஒருநாளும் கேட்டு அறிந்ததில்லை. இதை அவவிடம் சொல்லவும் இல்லை.

பிறகு எனக்குத் தேவையானதை எல்லாம் அங்கேயே வாங்கினேன். கனடாவுக்குக் கொண்டுவரக் கச்சான், புழுக்கொடியல், பனங்குட்டான். பாலைப்பழக் காலம் என்பதால் சுண்டுக் கணக்கில் அதுவும் இருந்தது, நாள் முழுக்க உதடு ஒட்டத் தின்றேன்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பால் காசு வந்தது. சின்னம்மாவோடு நானும் போய் வாங்கில் இருந்தேன். அவ சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்தா. அக்கா திரும்ப எண்ணிவிட்டு, அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தா. கோட்டுக்குக் கீழே திகதி எழுதிக்கொண்டே சின்னம்மாவைக் கேட்டா.

"இண்டைக்கு என்ன அக்கா வேணும்?"

"அரைத் தேங்காய் தா. நாளைக்குத் தம்பி போயிடுவான், முழுசு மிஞ்சும்."