மொரீஷியஸ் மெட்ரோ எக்ஸ்பிரஸ்: போர்ட் லூயிஸ்ல வேலை, காத்ர் போர்ன்ல குடித்தனம், சரிப்படுமா?

மொரீஷியஸுக்கு வேலைக்கு வர்ற நம்மாளுங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், தலைநகரமான போர்ட் லூயிஸ்லயே வீடு பாக்கறதா இல்ல மேல போயிடறதா. மேலன்னா போ பாசாங், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வக்வா, கியூர்பீப்னு தீவோட நடுமேட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரிசையா இருக்கற ஊருங்க. நாங்க கீழ இருந்துட்டு அப்புறம் மேல போன குடும்பம், ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக்காரருக்கு எபென் ஐடி பார்க்ல வேலை, எனக்கு போர்ட் லூயிஸ்ல ஆபீஸ். இது மெட்ரோவுக்கு ரிவ்யூவா ஊருக்கு ரிவ்யூவான்னு கேட்டீங்கன்னா ரெண்டையும் பிரிக்க முடியல, மெட்ரோன்னு பேரு வச்ச அந்த ட்ராம் ஓடலன்னா நான் மேல போக ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேன்.

முதல்ல சிட்டியப் பத்தி சொல்லிடறேன். சென்னை, பெங்களூர்ல இருந்து வர்றவங்க சிட்டின்னா ராத்திரி பதினோரு மணிக்கும் டிபன் கிடைக்கும், கீழ எறங்கினா ஜனங்க இருப்பாங்கன்னு நெனச்சு வர்றாங்க. போர்ட் லூயிஸ் அப்படி கெடையாது. பகல்ல சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் போனீங்கன்னா தோள இடிச்சுக்கிட்டுதான் நடக்கணும், தால் பூரி வண்டி முன்னாடி கியூ, பேங்க், கோர்ட், கவர்மெண்ட் ஆபீஸ் எல்லாம் அங்கதான். சாயங்காலம் அஞ்சு மணி தாண்டினா ஊரே கெளம்பி வீட்டுக்குப் போயிடும், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல பாதி ஷட்டர் எறங்கிடும், ஞாயித்துக்கிழமை வாட்டர்ஃப்ரண்ட் பக்கம் கொஞ்சம் நடமாட்டம் இருக்கும், குதிரை ரேஸ் இருந்தா சாம்ப் து மார்ஸ் மைதானத்துல ஒரே சத்தம், மத்தபடி வெறிச்சு. பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்படற அதே நேரத்துலதான் இந்த ஊரு தூங்கும். அதனால சிட்டிக்குள்ள இருந்தா சிட்டி வாழ்க்கை கிடைக்கும்ங்கற கணக்கு இங்க செல்லாது, வாடகை குடுத்து வெயில வாங்கினதுதான் மிச்சம். மலைங்க மூணு பக்கமும் சுத்தி நிக்குது, இங்க வெயில் காலமான ஜனவரி பிப்ரவரில காத்தே உள்ள வராது.

மழை வந்தா அது வேற கதை. 2013 மார்ச் 30ஆம் தேதி ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொட்டின மழைல ஊருக்குள்ள வெள்ளம் வந்து 11 பேர் செத்துப்போனாங்க, கோடான் வாட்டர்ஃப்ரண்ட் பக்கத்து சுரங்கப்பாதைல மாட்டினவங்களும் அதுல இருந்தாங்க. 2024 ஜனவரில பெலால் புயலப்போ கார் எல்லாம் மிதந்துபோன வீடியோ ஊர்ல இருந்த சொந்தக்காரங்க வரைக்கும் போய், அம்மா ஃபோன் பண்ணி அழுதுட்டாங்க. எல்லாத் தெருவும் முழுகாது, நிஜம்தான், ஆனா கிரவுண்ட் ஃப்ளோர் வீடு பாக்கறவங்க பக்கத்து வீட்ல விசாரிக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. எங்களுக்கு வீடு காட்டின புரோக்கர் இதப் பத்தி வாயே தெறக்கல, கேட்டப்பவும் "இங்கல்லாம் தண்ணி வராது மேடம்"னு சிரிச்சாரு, செவுத்துல இடுப்பளவுக்கு பெயிண்ட் மட்டும் புதுசா இருந்துச்சு.

இங்க மேல போற பழக்கம் புதுசும் இல்ல. 1860கள்ல, முக்கியமா 1867ல, மலேரியா வந்து போர்ட் லூயிஸ்ல ஆயிரக்கணக்குல செத்தப்போ வசதி இருந்தவங்க எல்லாம் குளிரான மேட்டுக்கு ஓடினாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான், 1865ல, கியூர்பீப் வழியா போற ரயில் லைன் தெறந்திருந்தாங்க. காலைல ரயிலேறி கீழ வேலைக்கு வந்துட்டு சாயங்காலம் மேல போறதுன்னு அப்பவே ஆரம்பிச்சாச்சு. 1956ல பயணிகள் ரயில நிறுத்திட்டாங்க, அப்புறம் கூட்ஸும் போச்சு, அறுபது வருஷத்துக்கு மேல பஸ்ஸும் காரும்தான். இப்ப ஓடற மெட்ரோ பெரும்பாலும் அந்தப் பழைய ரயில் தடத்த ஒட்டித்தான் போகுது. தடத்து மேல வீடு கட்டிக்கிட்டு இருந்த லா பியூட், பார்க்லி ஜனங்களோட வீடுங்கள 2017ல இடிச்சாங்க, அந்தக் கோபம் அங்க இன்னும் இருக்கு, ட்ராம்ல சொகுசா போற நம்ம இதையும் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

சரி சர்வீஸுக்கு வரேன். 2019 அக்டோபர்ல தெறப்பு விழா, இந்தியா குடுத்த பணம், கட்டினது நம்ம எல் அண்ட் டி, பெட்டிங்க ஸ்பெயின் கம்பெனி காஃப் செஞ்சது. முதல்ல போர்ட் லூயிஸ்ல இருந்து ரோஸ் ஹில் வரைக்கும்தான், 2021ல காத்ர் போர்ன், 2022ல கியூர்பீப், 2023 ஜனவரில ரோஸ் ஹில்ல இருந்து எபென் வழியா ரெதுய் வரைக்கும் ஒரு கிளை. கீழ கடைசி ஸ்டேஷன் ஆப்ரவாசி காட்ங்கற பழைய படித்துறைக்குப் பக்கத்துல, 1834க்கு அப்புறம் ஒப்பந்தக் கூலியா வந்தவங்க கப்பல விட்டு எறங்கின எடம் அது, நம்ம ஜனங்க அதுக்கும் நூறு வருஷம் முன்னாடியே பிரெஞ்சுக்காரன் காலத்துல புதுச்சேரில இருந்து கல்தச்சரா, தச்சரா வந்துட்டாங்க, அது தனிக் கதை.

காத்ர் போர்ன்ல இருந்து போர்ட் லூயிஸ் விக்டோரியா ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம், ஏசி, சுத்தமா இருக்கு, கார்டத் தட்டிட்டு ஏறலாம். கியூர்பீப்ல இருந்து வந்தாலும் முக்கா மணிதான். இதே தூரத்த காலைல எம்1 மோட்டார்வேல கார்ல வந்து பாருங்க, பிரேக்ல வச்ச காலு அங்கயே மரத்துப்போகும். ஸ்டூடண்ட்ஸ், பெரியவங்களுக்கு 2005ல இருந்து பஸ் ஃப்ரீ, அது மெட்ரோவுக்கும் உண்டு, அதனால பள்ளிக்கூடம் விடற நேரத்துல யூனிஃபார்ம் கூட்டமா ஏறும், சாயங்காலம் நாலரை அஞ்சுக்கு ஏறினா உக்கார இடம் எதிர்பார்க்காதீங்க. எனக்கு அது பரவால்ல. வீட்டுக்கு எத்தன மணிக்கு வருவேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டு அந்த நேரத்துக்கு வந்து நிக்க முடியுது பாருங்க, பஸ்ஸுல போனப்போ அது முடிஞ்சதே இல்ல.

இப்ப கொறை. மேப்ப பாத்தா காத்ர் போர்னும் எபெனும் பக்கத்து பக்கத்துல இருக்கு, ஆனா ட்ராம்ல போகணும்னா ரோஸ் ஹில் வரைக்கும் பின்னாடி போய் அங்க மாறணும். எங்க வீட்டுக்காரர் அந்த லைன ரெண்டு வாரம்கூட சகிக்கல, செகண்ட் ஹாண்ட் கார் வாங்கிட்டாரு, ஐடி பார்க்ல வேலைங்கறவங்க இத கணக்குல வச்சுக்கோங்க. பகாடெல் மாலுக்கு ட்ராம் கெடையாது. வடக்க கிராண்ட் பே, கெழக்க ஃப்ளாக், ஏர்போர்ட், எதுக்கும் கெடையாது. போர்ட் லூயிஸ்ல சேந்த் குவா கைலாசம் கோயிலுக்கும் எறங்கி பஸ் மாறித்தான் போகணும். அதனால "மெட்ரோ வந்துடுச்சு, கார் வேணாம்"னு யாராவது சொன்னா, அவங்களுக்கு பிள்ளை குட்டி இல்லன்னு அர்த்தம்.

மேல எந்த ஊருங்கறதுதான் அடுத்த பிரச்சினை. கியூர்பீப் 550 மீட்டர் உயரத்துல இருக்கு, வீடு பெருசா கிடைக்கும், குளிரும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அங்க மழை எப்ப நிக்கும்னு அங்க பொறந்தவங்களுக்கே தெரியாது. துணி காயாது, அலமாரில ஷூ, பெல்ட்டெல்லாம் பூஞ்சை புடிக்கும், வீசிங் இருக்கற பிள்ளைங்க வச்சிருக்கவங்க இங்க குளிர்காலமான ஜூலை மாசம் ஒரு தடவ போய் தங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ரோஸ் ஹில் நல்ல கலகலப்பு, நெரிசலும் அதே அளவு. எங்களுக்கு நடுவுல இருக்கற காத்ர் போர்ன் ஒத்துப்போச்சு. புதன், சனி காய்கறிச் சந்தை, வியாழன், ஞாயிறு துணிச் சந்தை, முருங்கைக்கீரைல இருந்து வாழைப்பூ வரைக்கும் கிடைக்குது. ட்ராம் சேன் ஜான் ரோட்ல நடுத்தெருவுலயே ஓடறதால கார் பார்க்கிங் போச்சுன்னு கடைக்காரங்க முனகறாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான், வண்டிய நிறுத்த நானும் சுத்தி சுத்தி வந்திருக்கேன்.

காத்ர் போர்ன ஒட்டின கோர் து கார்த் மலைச் சரிவுல முருகன் கோயில் இருக்கறதும் ஒரு காரணம்னு வச்சுக்கோங்க. இங்க தைப்பூசம் நாட்டுக்கே லீவு, காவடி படியேறிப் போறத ரோட்டோரம் நின்னு எல்லா மதத்துக்காரங்களும் பாப்பாங்க. எங்க ஓனரம்மா லோக்கல் தமிழ்க்காரங்க, பேச்சு முழுக்க பிரெஞ்சுல இருந்து வந்த உள்ளூர் மொழி கிரியோல்தான், ஆனா பூசத்துக்கு பத்து நாள் விரதம் இருந்து தேவாரம் பாடுவாங்க, என் பொண்ணப் பாத்தா "வணக்கம் செல்லம், சா வா?"ன்னு, அதாவது நல்லாயிருக்கியான்னு, கேப்பாங்க. அவ இப்ப "ரசம்" சொல்றதில்ல, "ரசோன்"தான். போர்ட் லூயிஸ் அபார்ட்மெண்ட்ல எதிர் வீட்டுக்காரர் மூஞ்சியக்கூட சரியா பாத்ததில்ல.

ஸ்கூல் விஷயம் முக்கியம். கவர்மெண்ட் பிரைமரில முதல் வகுப்பு சேர்க்கை, வீடு எந்த ஏரியாங்கறத வச்சுத்தான், அட்ரஸுக்கு பில்லு கேப்பாங்க, அதனால வீட்டுக்கு முன்னாடி ஸ்கூல முடிவு பண்ணுங்க. அங்க தமிழ ஒரு பாடமா எடுத்துக்கலாம். பிரைவேட்னா பல நல்ல ஸ்கூல் மோக்கா பக்கம், அங்க போறதுக்கு ஸ்கூல் வேன் பாக்கணும்.

மெட்ரோவுக்கு 5க்கு 4. புரோக்கர் "ஸ்டேஷனுக்கு பக்கம்"னு சொன்னா நம்பாதீங்க, அவங்க கார்ல போற தூரத்த சொல்றாங்க. மழை தூறற ஒரு சாயங்காலம் ஸ்டேஷன்ல எறங்கி, பையோட, சின்னப் பிள்ளைய கூட்டிக்கிட்டு அந்த வீடு வரைக்கும் நடந்து பாருங்க, கால் மணிக்கு மேல ஆச்சுன்னா வாடகை எவ்வளவு கம்மியா இருந்தாலும் அத விட்டுட்டு அடுத்த வீட்டப் பாருங்க. தனி ஆளா வர்றவங்க, ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல வர்றவங்க, கீழயே இருந்துக்கலாம், சாயங்காலம் போரடிச்சா ட்ராம் ஏறி ரோஸ் ஹில் வந்து தால் பூரி சாப்பிட்டுப் போங்க.