வந்தியத்தேவன் ஊருக்கு எந்தப் புத்தகத்தோடு போவது?

இந்தக் கோடையில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் ஐந்து பாகத்தையும் மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். கையோடு சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' முதல் பகுதியையும் எடுத்தேன். ஏறக்குறைய அதே ஆட்கள், அதே காலம். சோழர் கதைக்கு எதை வாங்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால், பண்டாரத்தாரைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

வேகத்தில் போட்டியே இல்லை. ஆடிப் பதினெட்டன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையோடு நாமும் கிளம்பிவிட்டால், காட்பாடி ஸ்டேஷன் தாண்டிப் போனதுகூடத் தெரியாது. பண்டாரத்தார் ஆட்சியாண்டு, மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை), மனைவி மக்கள் என்று வரிசையாகப் போவார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்தால் தூக்கம் உறுதி. நாவலை இரவல் வாங்கியவர்கள் திருப்பித் தருவதில்லை (என் மூன்றாம் பாகம் இரண்டு வருடமாக ஆற்காட்டில் இருக்கிறது). வரலாற்றை யாரும் இரவல் கேட்டதே இல்லை.

என்னை மாற்றியது ஒரே விஷயம்: படித்ததைத் தேடிக்கொண்டு கிளம்ப முடிகிறதா என்பது. வட ஆற்காட்டுக்காரனுக்கு அது சின்ன விஷயமில்லை.

போன மாதம் அக்கா பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவலம் போனேன். கல்கி வந்தியத்தேவனை வாணர் குலத்தான் என்கிறார். அந்த வாணர்களின் தலைநகரம் இந்தத் திருவல்லம்தான். வில்வநாதீஸ்வரர் கோயிலில் சிவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் நந்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான்: "மாமா, வந்தியத்தேவன் வீடு எங்க இருந்துச்சு?"

நாவல் மட்டும் படித்திருந்தால் ஏதாவது ஒரு மேட்டைக் காட்டியிருப்பேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக அவர் பெயர் வருகிறது. அதைத் தாண்டி நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். குதிரை, வாய்த்துடுக்கு, உளவு எல்லாம் கல்கி கைவண்ணம். சொன்னதும் பையன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ, அவ்வளவு சின்ன விதையிலிருந்து அப்படி ஒரு ஆளை வளர்த்தெடுத்த கல்கிமேல் மதிப்பு இன்னும் கூடியது.

அங்கிருந்து பொன்னை ஆற்றங்கரையிலேயே மேல்பாடி. ராஜராஜனின் தாத்தா அரிஞ்சயன், கல்வெட்டில் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்', அதாவது ஆற்றூரில் இறந்தவர். அவருக்குப் பள்ளிப்படையாக, அதாவது நினைவுக் கோயிலாக, பேரன் எடுத்த கோயில் இங்கே இருக்கிறது, அரிஞ்சிகை ஈச்சரம். நாவலில் அரிஞ்சயன் பெயரளவுக்குத்தான் வருவார். பண்டாரத்தாரின் அடிக்குறிப்பில் எந்த ஊர், எந்தக் கல்வெட்டு என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு சுவரெழுத்தை விரலால் தடவி, 'ர', 'ஜ' என்று எழுத்துக் கூட்டியே அரைமணி நேரம் போனது. முழு வரி ஒன்றுகூட எனக்குப் பிடிபடவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னும் இரண்டாம், மூன்றாம் பகுதிகளைத் திறக்கவில்லை. குலோத்துங்கன் காலத்துக்கும் இதே தீர்ப்பா என்றால் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு முதல் புத்தகமாக இதைக் கொடுக்கவும் மாட்டேன், அதற்குக் கல்கிதான்.

வீட்டுக்கு வந்து அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தைப் பற்றிச் சொன்னேன். 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்ட போர். அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று சொல்லும் ஆதகூர்க் கல்வெட்டு, ஒரு நாய்க்காக நட்ட கல்லில் இருக்கிறது. நாயின் பெயர் காளி. காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்தது. கல் இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பையன் வந்தியத்தேவனை மறந்துவிட்டான். காளியைப் பார்க்க எந்த ரயிலில் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.