காப்புரிமைக்கு ஒரே விண்ணப்பமா, இரண்டா?

கோவையில் வெட் கிரைண்டர் பட்டறை வைத்திருப்பவர் இரண்டு புது விஷயம் கண்டுபிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, சத்தத்தைக் குறைக்கும் பெல்ட் அமைப்பு. இன்னொன்று, ஸ்பேனர் இல்லாமலே கல்லைக் கழற்றும் பூட்டு. இரண்டும் ஒரே மெஷினில் இருந்தாலும் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 10(5) பிரிவு, ஒரு விண்ணப்பத்தின் கிளெய்ம்கள் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரிகள்) ஒரே கண்டுபிடிப்பைப் பற்றியோ, ஒரே கருத்தில் கோத்த தொகுதியைப் பற்றியோ இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் முதலிலேயே இரண்டாகப் போடுவதா, ஒன்றாகப் போட்டு அப்புறம் பிரிப்பதா?

செலவைப் பார்த்தால், தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை கோர 4,000. இரண்டு விண்ணப்பத்துக்கும் சேர்த்து 11,200. பிரிவு 16-இன் கீழ் பிறகு டிவிஷனல் (மூல விண்ணப்பத்திலிருந்து பிரித்துப் போடும் விண்ணப்பம்) போட்டாலும் அதே கட்டணம்தான். ஆனால் அதற்குள் பூட்டு சந்தையில் எடுபடுமா என்று தெரிந்துவிடும். எடுபடாவிட்டால் 5,600 கையிலேயே இருக்கும். சின்னப் பட்டறைக்கு அது லேசான காசில்லை.

அதற்கு ஈடாக, டிவிஷனலில் கிடைக்கும் காப்புரிமையின் 20 ஆண்டு ஆயுள் மூல விண்ணப்பத் தேதியிலிருந்தே ஓடுகிறது. மூலத்தில் எழுதாத எதையும் புதிதாகச் சேர்க்கவும் முடியாது. அதனால் பூட்டின் படமும் விளக்கமும் முதல் நாளே ஸ்பெசிஃபிகேஷனில் (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணத்தில்) முழுசாக இருந்தாக வேண்டும். கிளெய்மில் இல்லாமல் விளக்கத்தில் மட்டும் இருந்தால்? 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அது போதாது என்றார். 2023-இல் சின்ஜென்டா நிறுவனத்தின் வழக்கில் இரு நீதிபதி அமர்வு அதை மாற்றியது. 2024 காப்புரிமை விதித் திருத்தமும் அதே வழியில் போகிறது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 'இதில் இரண்டு கண்டுபிடிப்பு இருக்கிறது' என்று பரிசோதனை அறிக்கை வந்ததும், பூட்டு கிளெய்ம்களை அடித்துவிட்டுப் பதில் அனுப்பி, 'டிவிஷனல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுவார்கள். பெல்ட்டுக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட நொடியே அந்தக் கதவு மூடிவிடும். அதற்குள் மூல விண்ணப்பம் வெளியாகியிருக்கும்; தனியாகப் புதிதாகப் போட்டால் சொந்த எழுத்தே 'இது புதிதில்லை' என்று எதிரே வந்து நிற்கும். பதிலும் டிவிஷனலும் ஒரே நாளில் போகட்டும்.

என்னைக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றாகப் போட்டுப் பிறகு பிரிப்பதே தேவலை. பூட்டை மட்டும் வேறு கம்பெனிக்கு விற்கும் பேச்சு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தால் மட்டும், முதல் நாளே இரண்டாகப் போட்டுவிடுவேன்.