மடக்கு நாற்காலியா, கனமான நாற்காலியா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ. நாற்பது வருடத்துக்கு மேல் கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளியே காலம் ஓடியது. இரண்டு தோள்மூட்டும் தேய்ந்து, இரவில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் போன பிறகு 2019இல் மோட்டார் வைத்த சக்கர நாற்காலிக்கு மாறினேன். முதலில் வாங்கியது லித்தியம் பேட்டரியில் ஓடும் மடக்கு நாற்காலி. 2022இல் வாங்கியது லெட் ஆசிட் (ஈயத் தகடும் அமிலமும் கொண்ட) பேட்டரி வைத்த, மடக்க முடியாத, கனமான நாற்காலி. இரண்டும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. தினமும் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போவது கனமானதில். ஊருக்குப் போனால் மடக்கு நாற்காலி.

ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கனமானதையே சொல்கிறேன். காரணம் பேட்டரி. அதிலும், அந்த பேட்டரி செத்துப்போனால் நாற்காலி மறுபடி ஓட எத்தனை நாள் ஆகும் என்பதுதான் முக்கியம்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மடக்கு நாற்காலி 26 கிலோ. ஆட்டோவின் பின்பக்கமோ கார் டிக்கியோ போதும், ஒரு ஆள் தூக்கிவிடலாம். கனமானது பேட்டரியோடு 85 கிலோ. இரண்டு பேர் பிடித்தாலும் படி ஏற்றுவது நடக்காது. லிஃப்ட் இல்லாத மாடிவீட்டில் இருப்பவர்கள் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், மடக்கு நாற்காலிதான். விமானத்துக்கும் அதுவே சுலபம். ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனக் கூட்டமைப்பின் விதிப்படி, கழற்றி எடுக்கக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், அதைக் கழற்றி கைப்பையோடு உள்ளே கொண்டுபோக வேண்டும். என்னுடையது 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 288. மயிரிழையில் தப்பியது. 20 ஆம்பியர்-மணி பேட்டரி அதிக தூரம் ஓடும் என்று ஆசைப்பட்டு வாங்கினால் 480 ஆகிவிடும். அதோடு விமானம் ஏற விடமாட்டார்கள். பறக்கிற வழக்கம் உள்ளவர்கள் வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம்.

மடக்கு நாற்காலி புதிதாக இருந்தபோது ஒரு சார்ஜில் 13 கிலோமீட்டர் ஓடியது. இரண்டரை வருடத்தில் அது ஏழாகக் குறைந்தது. குறைந்தது பெரிய பிரச்சினை இல்லை, பள்ளிக்குப் போய்வர மூன்று கிலோமீட்டர்தான். அது நிற்கிற விதம்தான் பிரச்சினை. லித்தியம் பேட்டரிக்குள் ஒரு பாதுகாப்புச் சர்க்யூட் இருக்கும். ஒரு செல்லின் வோல்டேஜ் கீழே இறங்கினாலும் அது மொத்த பேட்டரியையும் சட்டென்று துண்டித்துவிடும். செல்கள் காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காகச் செய்வது, நியாயம்தான். ஆனால் டிஸ்பிளேயில் சார்ஜைக் காட்டும் இரண்டு கட்டை பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்போதே, மேடு ஏறுகையில் மோட்டார் அதிக கரண்ட் இழுக்க, வோல்டேஜ் ஒரு நொடி சரிய, எல்லாம் அணைந்துவிடும்.

எனக்கு அது நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சரிவுப் பாதையில். சரிவு 1க்கு 12 இருக்க வேண்டும், அதாவது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அங்கே அந்த நீளத்தில் பாதிகூட இல்லை. நடுவழியில் நாற்காலி அணைந்தது. அணைந்தால் மோட்டாரின் மின்காந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் அப்படியே நின்றது. அதுவரை ஆபத்தில்லை. பின்னால் வந்த அண்ணன் மகன், “சித்தப்பா, நான் தள்ளிவிடுறேன்” என்று குனிந்து, மோட்டார் பக்கத்தில் இருந்த இரண்டு சிவப்பு நெம்புகோலையும் இழுத்துவிட்டான். எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறான். அந்த நெம்புகோலை இழுத்தால் மோட்டாரும் பிரேக்கும் சக்கரத்தை விட்டு விலகிவிடும். என் எடை 62, நாற்காலி 26. எண்பத்தெட்டு கிலோ பின்னோக்கி உருண்டது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். பையனின் மணிக்கட்டு சுளுக்கியது. என் கை நடுக்கம் அடங்க அரைமணி ஆனது.

இரண்டு நாற்காலிக்கும் பொருந்தும் பாடம் இது. வீட்டில் உள்ளவர்களுக்கு அந்த நெம்புகோலைக் காட்டி, சமதரையில் மட்டுமே தொடலாம், சரிவில் ஒருபோதும் கூடாது என்று கையோடு செய்துகாட்டிச் சொல்லிக்கொடுங்கள். தள்ளி முடித்ததும் திரும்பப் பூட்டினார்களா என்று நீங்களே பாருங்கள். பல நாற்காலிகளில் நெம்புகோல் விலகியிருந்தால் ஜாய்ஸ்டிக் (நாற்காலியை ஓட்டும் கைக்குச்சி) வேலை செய்யாமல் எச்சரிக்கும். எல்லாவற்றிலும் அப்படி இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

லெட் ஆசிட் இப்படித் திடீரென்று கைவிடாது. சார்ஜ் குறையக் குறைய வேகம் குறையும், மேட்டில் முனகும், கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். எனக்கு வீடு திரும்ப நேரம் கிடைக்கும். வயதான மாடு மாதிரி, நிற்பதற்கு முன்னால் நடை தளரும்.

மண்டபத்தில் அணைந்த பேட்டரியை மாற்ற வேண்டும் என்று விற்றவர்களிடம் கேட்டேன். அந்த மாடலுக்கு உரிய பேட்டரி, அந்த மாடலுக்கு உரிய இணைப்பு. வேறு எதுவும் பொருந்தாது. வெளியூரிலிருந்து லாரியில்தான் வரும் என்றார்கள். முதலில் பத்து நாள் என்றார்கள். பிறகு இருப்பு இல்லை என்றார்கள். வந்து சேர 43 நாள். விலை 27,000 ரூபாய். அந்த 43 நாளும் நான் பழைய கை நாற்காலியைத் தள்ளினேன். தோள்வலி திரும்ப வந்து, மருத்துவ விடுப்பு எடுத்தேன். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம் அது. பிள்ளைகள் போனில் கணக்குக் கேட்டார்கள்.

இடையில் ஒருவர், மின்சார பைக் பேட்டரி பிரித்துக் கட்டுகிற கடையில் புது செல் போட்டுத் தருவார்கள் என்றார். போய்ப் பார்த்தேன். பழைய செல்லும் புது செல்லும் ஒரே மேஜையில் கலந்து கிடந்தன. கால் அசைக்க முடியாத நான் உட்கார்ந்திருக்கும் இருக்கைக்கு அடியில் அதை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. தீப்பிடித்தால் எழுந்து ஓடமுடியாதவர்கள் இதில் துணிய வேண்டாம். அதே காரணத்தால் லித்தியம் பேட்டரியை நான் படுக்கை அறையிலோ வாசலுக்குப் போகும் வழியிலோ சார்ஜ் போடுவதில்லை. பேட்டரியைக் கழற்றி முற்றத்துச் சிமெண்ட் தரையில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில்தான். அந்த நாற்காலிக்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் தொடக்கூடாது. லெட் ஆசிட் சார்ஜரும் லித்தியம் சார்ஜரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், செருகும் முனையும் சிலசமயம் ஒன்றாகவே இருக்கும். நான் இரண்டிலும் பெயின்ட்டால் நிறம் அடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது கனமான நாற்காலியின் கதை. அதில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 24 வோல்ட். சீல் செய்த, தண்ணீர் ஊற்ற வேண்டாத எஸ்.எம்.எஃப். வகை, ஒவ்வொன்றும் 42 ஆம்பியர்-மணி, கிட்டத்தட்ட 14 கிலோ. முதல் ஜோடி 22 மாதம் உழைத்தது. இன்னும் உழைத்திருக்கும், தவறு என்னுடையது, கடைசியில் சொல்கிறேன். தளர்ச்சி தெரிந்த வாரம், திருச்சியில் யு.பி.எஸ். பேட்டரி விற்கும் கடைக்கு நாற்காலியோடு போனேன். கடைக்காரர் இருக்கைக்கு அடியில் மூடியைத் திறந்து மல்டிமீட்டர் வைத்தார். ஒன்று 12.6, இன்னொன்று 11.4.

“சார், இது ஒண்ணுதான் போயிருக்கு. ஆனா ரெண்டையும் சேத்து மாத்திடுங்க. பழசு புதுசையும் கெடுத்துரும்.”

அவர் சொன்னது சரி. ஜோடியாக ஓடும் பேட்டரியில் ஒன்று தளர்ந்தால், சார்ஜர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்து ஏற்றும். நல்லது அளவுக்கு மீறி ஏறும், தளர்ந்தது நிரம்பவே நிரம்பாது. பதினொன்றரைக்குப் போனவன் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். பழைய பேட்டரியை ஈயத்துக்காக எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள். கையிலிருந்து போனது 10,400 ரூபாய்.

43 நாளையும் ஒன்றரை மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சார்ஜ் எத்தனை தடவை தாங்கும், எடை எவ்வளவு என்று பட்டியல் போட்டால் லித்தியம் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் விற்பனைத் தாளில் அந்த 43 நாள் இருக்காது.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கார் பேட்டரியைத் தலையில் கட்டிவிட விடாதீர்கள். அது ஸ்டார்ட் செய்யும் ஒரு நொடிக்கு நிறைய கரண்ட் தருவதற்காகச் செய்தது. தினமும் பாதிக்கு மேல் காலி செய்து ஏற்றினால் சில மாதத்தில் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் தண்ணீர் ஊற்றுகிற ட்யூபுலரும் கூடாது. நாற்காலி சாய்ந்தால் அமிலம் வழியும். சீல் செய்த ஏ.ஜி.எம். (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருப்பது) அல்லது ஜெல் (அமிலம் கூழாக இருப்பது) வாங்குங்கள்; டீப் சைக்கிள், அதாவது நிறையக் காலி செய்து ஏற்றுவதற்கென்றே செய்தது, என்று எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது. நீளம், அகலம், உயரம், முனைகள் இருக்கும் பக்கம் நான்கையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வயரைக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம். ஸ்பேனர் பிடிக்கிறவர் மோதிரத்தையும் உலோக வாட்சையும் கழற்றிவிடட்டும். ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒருசேரத் தொட்டால் பற்றவைக்கிற பொறி பறக்கும்.

மற்ற பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, முன் சக்கரத்தைத் தவிர. மடக்கு நாற்காலியின் முன் சக்கரம் சின்னது, கெட்டி ரப்பர். சாக்கடை மூடியின் இடைவெளியில் மாட்டும், எங்கள் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியின் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பில் சொல்லும். கனமானதில் காற்றடிக்கிற டயர். பஞ்சரானால் சைக்கிள் கடையில் ஒட்டிவிடலாம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு இரண்டு பக்கமும் சமமாகக் காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக இழுக்கும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் ஊரில் தெருவெல்லாம் பூக்கடை. மாலை கட்டிய வாழைநாரும் நூலும் கீழே கிடக்கும். அது முன் சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு, பெண்களின் தலைமுடியும் சேர்ந்து, இறுகி, பேரிங்குக்குள் நுழையும். ஒருநாள் நாற்காலி நேராகப் போக மறுத்தது. சக்கரத்தைக் கழற்றினால் விரல் தடிமனுக்கு நார்ச் சுருள், நடுவில் காய்ந்த துளசி. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை, தையல் பிரிக்கும் ஊசியால் சுற்றி வெட்டி எடுத்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. அதே கையோடு ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் ரப்பர் உறையில் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். அந்த வழியாகத்தான் மழைத்தண்ணீர் உள்ளே போகும். மழைக்காலத்தில் அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் போடுகிறேன். இரண்டு நாற்காலியையுமே பெருமழையில் நான் ஓட்டியதில்லை, ஓட்டவும் மாட்டேன்.

இறங்கி ஏறும்போது முதலில் ஸ்விட்சை அணையுங்கள். சட்டைக் கை ஜாய்ஸ்டிக்கில் மாட்டி நாற்காலி நகர்ந்துவிட்டால், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தரைதான். சரிவில் குறுக்காகப் போகாமல் நேராக ஏறுங்கள். பின்னால் சாயாமல் தடுக்கும் சின்னச் சக்கரங்களைப் படியில் இடிக்கிறது என்று யாரும் கழற்ற விடாதீர்கள். வீட்டு வாசலில் பைக் ஏற்ற இருக்கும் சிமெண்ட் சரிவில், என் எடைக்கு, மடக்கு நாற்காலியின் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கனமானது எழும்பவில்லை, பேட்டரியின் எடை கீழே உட்கார்ந்திருப்பதால். என்னைவிட எடை கூடியவர்கள் வாங்குவதற்கு முன் சொந்த வாசலிலேயே, பின்னால் ஆள் நிறுத்தி, ஓட்டிப் பார்ப்பது நல்லது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற இன்னொரு வகை லித்தியம் பேட்டரி போட்ட கனமான நாற்காலியும் இப்போது வருகிறது. கூடுதல் வருடம் உழைக்கும், தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு. நான் அதை ஓட்டிப் பழகியதில்லை. ஆனால் அதை வாங்கினாலும் என் கேள்வி ஒன்றுதான்: பேட்டரி எத்தனை நாளில் வரும்?

அரசு வழியாக வாங்குகிறவர்களும் இதைக் கேளுங்கள். தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு பேட்டரி நாற்காலி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. கைக்கு வந்ததும் இருக்கைக்கு அடியில் திறந்து, என்ன பேட்டரி, என்ன அளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது போகும் நாளில் தேட வேண்டியதில்லை.

என் முதல் ஜோடி ஏன் சீக்கிரம் போனது என்று சொல்வதாகச் சொன்னேன். கோடை விடுமுறையில் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கனமானதைப் பாதி சார்ஜில், தகரக் கொட்டகையில் விட்டுவிட்டேன். திருச்சி மே மாதம், ஐந்து வாரம். லெட் ஆசிட் பேட்டரியை நிரப்பாமல் வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. சூடும் அதன் எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் கணக்கு. லித்தியம் நேர்மாறு, நீண்ட நாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வைப்பதே அதற்கு நல்லது. இரண்டையும் வைத்திருக்கிற நான் இரண்டையும் குழப்பினேன். இப்போது கனமானது ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரவு எட்டு மணிக்குச் சார்ஜில் ஏறுகிறது, கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே. வெளியூர் போகிற நாட்களில் எதிர்வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறேன், வாரம் ஒருமுறை ஒரு ராத்திரி சார்ஜ் போட்டு எடுக்க.