குரல் வழிநடத்தும் படமும் காட்சி வழிநடத்தும் படமும்

2006-இல் பிபிசி வெளியிட்ட ‘பிளானட் எர்த்’ என்ற இயற்கை ஆவணப்படத் தொடரில், விலங்கு எதைத் தேடுகிறது, எங்கே ஆபத்து என்பதை வர்ணனையாளர் டேவிட் அட்டன்பரோவின் குரல் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. விலங்கின் நடத்தையை முதன்முறையாக அறிய வருபவருக்கு இதுவே ஏற்றது.

2001-இல் வெளிவந்த பிரெஞ்சு இயக்குநர் ழாக் பெரனின் வலசைப் பறவைகள் பற்றிய ஆவணப்படமோ பேச்சை மிகவும் குறைத்துக்கொண்டு, குஞ்சுப் பருவத்திலிருந்தே மனிதரோடு பழகிய பறவைகளுடன் இலகுரக விமானத்தில் கேமராவையும் பறக்கவிட்டு, ஒவ்வொரு சிறகடிப்பிலும் இறகு நுனி வளைந்து நிமிர்வதைக் கைக்கெட்டும் தூரத்தில் காட்டுகிறது. என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. தாய் விலங்கு துயரப்படுகிறது என்று ஒரு குரல் அறிவித்துவிட்டால், பிறகு அந்த விலங்கை நாமாகப் பார்ப்பது கடினம்.

ஆயினும் வர்ணனை இல்லாத படம் கலப்பற்ற உண்மை என்று நம்பிவிடக் கூடாது: வெகுதொலைவிலிருந்து டெலிபோட்டோ லென்ஸால் எடுக்கப்படும் காட்சிகளில் நாம் கேட்கும் காலடியோசை, பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்னர் உருவாக்கிச் சேர்க்கப்படுவதாகும்.